ஒரே நாடு, ஒரே சட்டம், மாநிலத்துக்கு ஒரு கணக்கு: நியூ ஜேர்சியில் மகனின் விசேட கல்வி எந்த விதிப்படி நடக்கும்?

வெள்ளவத்தை அம்மா

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு ஏழு வயது. ஓட்டிசம் என்று ரிட்ஜ்வே ஆஸ்பத்திரியில் நாலு வயதில் சொன்னார்கள். வீட்டில் தமிழ்தான். இரண்டு மூன்று சொல் சேர்த்துக் கேட்பான், "தண்ணி தாங்கோ அம்மா" என்கிற அளவுக்கு. தமிழில் ஸ்பீச் தெரபி செய்கிறவரைக் கொழும்பில் தேடிப் பிடிக்கவே நிறைய அலைந்தோம். பள்ளிக்கூடம் ஒரு தனியார் பள்ளிக்கூடம். வகுப்பில் பிள்ளையோடு கூடவே இருந்து உதவுகிற ஷாடோ டீச்சரை நீங்களே பிடியுங்கள், சம்பளத்தையும் நீங்களே கொடுங்கள் என்றார்கள். சரி என்று கொடுத்து வருகிறோம். அவர் லீவு எடுக்கிற நாளில் மகனையும் அனுப்ப வேண்டாம் என்று போன் வரும். எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இப்போது கணவருக்குக் கம்பனியில் மாற்றம் கிடைத்து, ஜூலையில் நியூ ஜேர்சிக்குப் போகிறோம். எடிசன் பக்கம் வீடு பார்க்கிறார்கள். அமெரிக்காவில் இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டம் இருக்கிறது, ஐ.டி.ஈ.ஏ. என்று பெயர், அரசாங்கப் பள்ளிக்கூடம் காசு வாங்காமல் செய்துதர வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கேட்கச் சந்தோசம்தான். ஆனால் விசாரிக்க விசாரிக்கக் குழம்புகிறது.

கலிபோர்னியாவில் இருக்கும் என் சிநேகிதி, விசேட கல்வி தேவையா என்று பிள்ளையைச் சோதித்து முடிக்க 60 நாள் என்கிறாள். ஹூஸ்டனில் இருக்கும் மச்சாள் 45 நாள், அதுவும் பள்ளிக்கூடம் நடக்கும் நாள் மட்டும் என்கிறா. நியூ ஜேர்சியின் விதிப் புத்தகத்தை நானே இறக்கிப் பார்த்தேன், அதில் 90 நாள் என்று கிடக்கிறது. ஒரு நாட்டின் ஒரு சட்டத்துக்கு எப்படி மூன்று கணக்கு? நாங்கள் போகிற இடம்தான் எல்லாவற்றிலும் மோசமா?

இரண்டாவது, மத்திய அரசின் கல்வித் திணைக்களத்தை மூடப்போகிறார்கள் என்று 2025 இல் இருந்து செய்தியில் பார்க்கிறேன். மேலே சட்டம் மாறினால் மாநில விதிகளும் தானாக மாறிவிடுமா? மாறி முடியும்வரை எது செல்லும்? இருக்கிற உரிமையை மாநிலம் குறைக்க முடியுமா? வீட்டு வாடகை, விசா எல்லாவற்றையும்விட இதுதான் இரவில் நித்திரையைக் கெடுக்கிறது. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

---

தெஹிவளை அக்கா

தங்கச்சி, 2003 இல் நாங்கள் நியூ ஜேர்சிக்குப் போனபோது என் மகனுக்கு நாலு வயது. 21 வயது வரை அங்கேதான் படித்தான். அவனுக்கும் ஓட்டிசம்தான். இப்போது தெஹிவளையில் எங்களோடு இருக்கிறான். அந்தக் காலத்துக்குள் மத்திய சட்டம் பெரிதாக ஒருமுறை மாறியது, சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள் வந்தன, மாநில விதிகளைத் திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். எல்லாவற்றையும் ஒரு தாயாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்றபடியால் சொல்கிறேன்.

முதலில் மூன்று கணக்கு. இதை விளங்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு இடத்தில் எண்ணி நிறுத்துகிறார்கள். மத்திய விதியின்படி, பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளில் இருந்து 60 நாளுக்குள் பிள்ளையைச் சோதித்து முடிக்க வேண்டும். மாநிலம் தனக்கென்று ஒரு காலக்கெடு வைத்திருந்தால் அதுதான் செல்லும் என்றும் அதே விதி சொல்கிறது. சோதித்து, பிள்ளைக்குத் தகுதி இருக்கிறது என்று முடிவானதும் ஐ.ஈ.பி. எழுதும் கூட்டத்துக்கு இன்னொரு 30 நாள். ஐ.ஈ.பி. என்றால் உங்கள் பிள்ளைக்கென்று எழுதுகிற வருடத் திட்டம். இதைத்தான் இனி நீங்கள் மூச்சுக்கு மூச்சு கேட்கப்போகிறீர்கள்.

கலிபோர்னியாவின் 60 நாள், சோதித்துக் கூட்டமும் வைத்து முடிக்கிற கணக்கு. பள்ளிக்கூடத்தின் நீண்ட விடுமுறையை அதில் எண்ண மாட்டார்கள். டெக்ஸாஸின் 45 பள்ளி நாள், அறிக்கை எழுதி முடிக்கிற வரைக்கும்தான். கூட்டம் அதற்குப் பிறகு. நியூ ஜேர்சியின் 90 நாளோ, சம்மதம் கொடுத்த நாளில் இருந்து சோதித்து, தகுதி பார்த்து, ஐ.ஈ.பி. எழுதி, அதைப் பள்ளிக்கூடத்தில் நடத்தத் தொடங்குகிற நாள் வரைக்கும். சனி, ஞாயிறு எல்லாம் சேர்த்து. ஆகவே உங்கள் இடம் மோசம் இல்லை. மற்றவர்கள் பாதி வழியில் நிறுத்துகிற கணக்கை இவர்கள் கடைசிவரை எண்ணுகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, ஏன் ஒவ்வொரு மாநிலமும் தன் பாட்டுக்கு விதி வைத்திருக்கிறது? கல்வி அங்கே அடிப்படையில் மாநிலத்தின் வேலை. 1975 நவம்பரில் ஜனாதிபதி ஃபோர்ட் கையெழுத்திட்ட சட்டம் மாநிலங்களிடம் சொன்னது இதுதான்: காசு தருகிறோம், வாங்கினால் எங்கள் நிபந்தனைப்படி மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இலவசமாக, அதற்குப் பொருத்தமான கல்வி கொடு. 1990 இல்தான் அதற்கு ஐ.டி.ஈ.ஏ. என்ற பெயர் வந்தது. ஓட்டிசம் தனி வகையாகச் சட்டத்துக்குள் வந்ததும் அந்த வருடம்தான். அதற்கு முன்னால் எங்கள் பிள்ளைகளை வேறு வகைக்குள் போட்டு வைத்திருந்தார்கள். மேலதிகச் செலவில் 40 வீதம் தருவோம் என்று 1975 இல் நினைத்த மத்திய அரசு, வழமையான வருடங்களில் அதில் பாதியைக்கூடத் தந்தது கிடையாது. மிச்சம் மாநிலமும் ஊர் வரியும். கூட்டத்தில் டிஸ்ட்ரிக்ட் ஆட்கள், அதாவது ஊர்ப் பள்ளிக்கூடங்களை நடத்தும் நிர்வாகத்தினர், காசைப்பற்றி முகத்தைச் சுருக்குவதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. ஆனால் காசு இல்லை என்பது பிள்ளைக்கு ஒன்றைக் கொடுக்காமல் விடக் காரணம் ஆகாது, அதை மனதில் வையுங்கள்.

மத்திய சட்டம் வீட்டுக்குத் தரை மாதிரி. மாநிலம் அதற்கு மேலே எவ்வளவும் கட்டலாம், தரையைத் தோண்டக் கூடாது. மேலே கட்டியது எதுவென்று மாநிலம் தன் டிஸ்ட்ரிக்ட்களுக்கும் மத்திய கல்விச் செயலாளருக்கும் எழுத்தில் சொல்லவும் வேண்டும். மத்திய ஒழுங்குவிதியே அப்படிக் கேட்கிறது. உங்கள் கையில் இருக்கும் நியூ ஜேர்சிப் புத்தகம், 6ஏ:14 என்ற அத்தியாயம், தரையும் மேல்கட்டும் சேர்ந்தது.

இனி மாற்றம் எப்படி இறங்கி வருகிறது என்று நான் கண்ட விதத்தில் சொல்கிறேன்.

காங்கிரஸ் நிறைவேற்றிய திருத்தத்தில் ஜனாதிபதி புஷ் 2004 டிசம்பரில் கையெழுத்திட்டார். 2005 ஜூலை 1 இல் இருந்து நடைமுறை. ஆனால் மத்திய திணைக்களம் அதற்கான ஒழுங்குவிதிகளை வெளியிட்டது 2006 ஓகஸ்ட்டில். நியூ ஜேர்சியும் தன் 6ஏ:14 ஐ 2006 இல் திருத்தியது. இடையில் ஒரு வருடத்துக்கு மேல் புதுச் சட்டமும் பழைய விதிப் புத்தகமும் ஒன்றாகக் கிடந்தன. அப்போது எது செல்லும் என்று நீங்கள் கேட்டதையே நாங்களும் கேட்டோம். பதில்: சட்டம்தான் செல்லும். மாநிலங்கள் அந்த வருடத்துக் காசுக்கு விண்ணப்பித்தபோது, எங்கள் விதியைத் திருத்தி முடிக்காவிட்டாலும் புதுச் சட்டப்படியே நடப்போம் என்று உறுதி எழுதிக் கொடுத்தன. மாநில விதியும் மத்திய சட்டமும் மோதினால், பிள்ளைக்கு மத்திய சட்டம் கொடுப்பதற்குக் குறைவாக மாநில விதி கொடுக்க முடியாது.

அந்தத் திருத்தத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்து இறங்கியது ஒரு விசயம். அதுவரை ஐ.ஈ.பி. யில் வருட இலக்குக்குக் கீழே சின்னச் சின்னப் படிகளும் எழுத வேண்டும். உதாரணமாக, ஜூனுக்குள் நாலு சொல் வாக்கியம் என்பது இலக்கு என்றால், டிசம்பருக்குள் இரண்டு சொல், மார்ச்சுக்குள் மூன்று சொல் என்று. பொதுப் பரீட்சைக்குப் பதிலாக மாற்றுப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளைத் தவிர மற்றவர்களுக்கு இது கட்டாயம் இல்லை என்று 2004 சட்டம் தளர்த்தியது. மகனின் ஐ.ஈ.பி. க்குப் பொறுப்பான எங்கள் கேஸ் மனேஜர் அடுத்த கூட்டத்துக்கு அந்தப் படிகள் இல்லாத தாளோடு வந்து, மத்திய சட்டம் மாறிவிட்டது, இனித் தேவை இல்லை என்றார். நான் மாநில விதியைத் திறந்து காட்டினேன். நியூ ஜேர்சி அந்தப் படிகளைத் தன் புத்தகத்தில் அப்படியே வைத்திருந்தது. மேலே தளர்த்தினால் கீழேயும் தளர்த்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்த மேசையில் அன்று மகனுக்குப் படிகள் எழுதப்பட்டன. பேச்சு மெதுவாக வருகிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஜூன் மாதம்வரை காத்திருந்து, வரவில்லை என்று கேட்பதைவிட டிசம்பரிலேயே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

இன்னொன்று எனக்கு அதைவிடப் பெரியது. 2005 இல் சுப்ரீம் கோர்ட், மேரிலாந்துக் குடும்பம் ஒன்றின் வழக்கில், ஐ.ஈ.பி. சரியில்லை என்று யார் வழக்குக்குப் போகிறார்களோ அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. போகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோர்தான். ஆவணமும் நிபுணர்களும் டிஸ்ட்ரிக்டின் கையில் இருக்க, நிரூபிக்கிற பாரம் அம்மா அப்பாவின் தலையில். நியூ ஜேர்சியில் பெற்றோர் விடவில்லை. கடிதம் எழுதினார்கள், சட்டசபைக்கு நடந்தார்கள். 2008 ஜனவரியில் மாநிலம் தன் சொந்தச் சட்டத்தால் அந்தப் பாரத்தைத் திரும்ப டிஸ்ட்ரிக்டின் பக்கமே வைத்தது. நியூ யோர்க்கும் அதற்கு முந்தின வருடம் அதைத்தான் செய்தது. மேலே ஒரு கதவு அடைபட்டால் மாநிலத்தில் வேறு கதவு திறக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. நீங்கள் போகிற இடத்தில் அந்தச் சட்டம் இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும், மேலே உயர்ந்தால் கீழே உயர்ந்தே ஆக வேண்டும். 2017 மார்ச்சில், கொலராடோவைச் சேர்ந்த ஓட்டிசம் உள்ள ஒரு பையனின் வழக்கில், பெயருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்குத் தகுந்த முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டில் அப்போது இருந்த எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அதற்காக எந்த மாநிலமும் புத்தகத்தைத் திருத்தும்வரை யாரும் காத்திருக்கவில்லை. அந்த வருடமே எங்கள் கூட்டத்தில் பேச்சு மாறிவிட்டது. போன வருட இலக்கையே திரும்ப ஒட்டிக்கொண்டு வந்த தாளை நான் கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்தேன். புதிது எழுதி வந்தார்கள்.

---

கொட்டாஞ்சேனை விசேட கல்வி டீச்சர்

அக்கா எழுதியதை வாசித்தபோது எங்கள் நாட்டு நிலைமைதான் ஞாபகம் வந்தது. நான் கொழும்பில் ஒரு பாடசாலையின் விசேட கல்வி அலகில் படிப்பிக்கிறேன்.

இங்கேயும் மேலே ஒரு சட்டம் உண்டு. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. மாற்றுத்திறனைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்க்காமல் விடக்கூடாது என்று அதில் இருக்கிறது. ஆனால் அதன் கீழ் கட்டடங்களில் சாய்தளம், கழிப்பறை பற்றிய ஒழுங்குவிதி வர்த்தமானியில் வந்ததே 2006 இல். சட்டத்துக்கும் ஒழுங்குவிதிக்கும் நடுவில் பத்து வருடம். 2016 இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அமெரிக்கா 2009 இல் அதில் கையெழுத்திட்டது, ஆனால் 2012 இல் செனட்டில் 61க்கு 38 என்று வாக்கு விழுந்தும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் உறுதிப்படுத்தவில்லை. எனினும் அந்த நாட்டில் ஒரு தாய் மாநில விதியை மேசையில் விரித்துக் காட்டினால் தாள் மாறுகிறது. இங்கே என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் விரித்துக் காட்ட, பிள்ளைக்குப் பிள்ளை எழுதிய திட்டத்தைக் கட்டாயமாக்கும் விதி கையில் இல்லை. அதிபரின் மனதைப் பொறுத்து, சுற்றறிக்கையைப் பொறுத்து, பாடசாலை மத்திய அமைச்சின் கீழா மாகாணத்தின் கீழா என்பதைப் பொறுத்து நடக்கிறது. அந்தத் தாய்மாரை நினைத்தால் எனக்கு மனம் தாங்குவதில்லை.

வெள்ளவத்தை அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். போவதற்கு முன் இங்கே இருக்கும் எல்லா அறிக்கைகளையும் ஆங்கிலத்தில், திகதியோடு, கையெழுத்தோடு எடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரி அறிக்கை, ஸ்பீச் தெரபிஸ்டின் குறிப்பு, வகுப்பு டீச்சரின் கடிதம் எல்லாம். பிறந்ததில் இருந்து நிறையும் தடுப்பூசியும் எழுதி வரும் கிளினிக் புத்தகத்தையும் விட்டுவிடாதீர்கள். எந்த வயதில் உட்கார்ந்தான், நடந்தான், முதல் சொல் எப்போது என்று அங்கே கேட்பார்கள். ஸ்பீச் தெரபிஸ்டிடம் சொல்லி, மகன் தமிழில் எதை விளங்கிக்கொள்கிறான், எதைச் சொல்கிறான் என்று உதாரணங்களோடு எழுதி வாங்குங்கள். அங்கே அவனைத் தமிழில் கேட்கத் தெரிந்தவர் உடனே கிடைப்பது நிச்சயம் இல்லை. அந்தத் தாள்தான் அவனுக்காகப் பேசும்.

---

ஹூஸ்டன் தம்பி (ஊர் பம்பலப்பிட்டி)

அக்கா சொன்ன தரைக் கதையோடு எனக்கு முழுச் சம்மதம். ஆனால் தரையைத் தோண்டக்கூடாது என்று சட்டம் சொன்னாலும் தோண்டுகிறார்களா என்று யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டெக்ஸாஸில் நடந்ததைச் சொல்கிறேன்.

2004 இல் மாநிலக் கல்வித் துறை, டிஸ்ட்ரிக்ட்களை மதிப்பிடும் அளவுகோலில் ஒரு எண்ணைச் சேர்த்தது. மொத்தப் பிள்ளைகளில் விசேட கல்வி பெறுகிறவர்கள் 8.5 வீதத்துக்குள் இருந்தால் நல்ல புள்ளி. நாடு முழுவதும் அது 13 வீதம் அளவில். எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதே என்று எங்கேயும் எழுதவில்லை. ஆனால் புள்ளி பார்க்கிற டிஸ்ட்ரிக்ட் என்ன செய்யும்? பிள்ளைகளின் எண்ணிக்கை வருடா வருடம் குறைந்தது. 2016 இல் ஹூஸ்டன் க்ரொனிக்கிள் பத்திரிகை வெளியில் கொண்டுவந்தது. 2017 இல் மாநிலச் சட்டசபை அப்படி உச்சவரம்பு வைப்பதைத் தடைசெய்தது. 2018 ஜனவரியில்தான் மத்திய கல்வித் திணைக்களம், டெக்ஸாஸ் ஐ.டி.ஈ.ஏ. வை மீறியது என்று எழுதியது. ஒரு பிள்ளை முதலாம் வகுப்பில் இருந்து பள்ளிக்கூடத்தையே முடித்துவிடுகிற காலம் அது.

என் மகள் 2014 இல் முதலாம் வகுப்பு. வாசிக்கச் சிரமப்பட்டாள். சோதியுங்கள் என்று கேட்டோம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார்கள். நாங்களும் டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று வளர்ந்தவர்கள்தானே. வாயால் கேட்டோம், வாயால் பதில் வந்தது, ஒரு தாளும் இல்லை. எழுத்தில் கேட்டிருந்தால் எழுத்தில் பதில் தந்தே ஆக வேண்டும், மறுத்தால் ஏன் மறுக்கிறோம் என்று காரணம் எழுத வேண்டும். அது மத்திய சட்டம், எல்லா மாநிலத்துக்கும் பொது. அதனால் அக்கா, தங்கச்சி யாராக இருந்தாலும் நான் முதலில் சொல்வது, எழுதுங்கள்.

திணைக்களத்தை மூடுவது பற்றிய பயத்தில் எனக்கும் பங்கு உண்டு. காரணம் இதுதான். 2018 இல் அந்த அறிக்கையை எழுதப் பிந்தினாலும், எழுத ஒருவர் இருந்தார்.

---

வெள்ளவத்தை அம்மா

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். டீச்சர் சொன்னபடி ஸ்பீச் தெரபிஸ்டிடம் இன்றே கேட்டுவிட்டேன், எழுதித் தருகிறேன் என்றார்.

தெஹிவளை அக்கா, திணைக்களம் பற்றி நீங்கள் சொல்லவில்லை. தம்பி எழுதியதைப் பார்த்தபிறகு இன்னும் பயமாக இருக்கிறது. அதோடு இன்னொன்று. மகனுக்கு ஆங்கிலம் தெரியாது. முதலில் ஆங்கிலம் படிக்கட்டும், பிறகு சோதிப்போம் என்று தள்ளிப்போட்டால்? நாங்கள் ஜூலையில் போய் இறங்கும்போது பள்ளிக்கூடம் விடுமுறை. செப்டம்பர்வரை சும்மா இருக்க வேண்டுமா?

---

தெஹிவளை அக்கா

தம்பி எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். மேற்பார்வை தளர்ந்தால் கஷ்டம் பிள்ளைகளுக்குத்தான். ஆனால் எது எவ்வளவு சுலபமாக மாறும் என்று பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் தெம்பு வரும்.

திணைக்களம் அனுப்புகிற விளக்கக் கடிதங்கள் இருக்கின்றன. அவற்றை ஒரு நாளில் வாபஸ் வாங்கலாம். 2017 ஒக்டோபரில் விசேட கல்வி பற்றிய 63 பழைய ஆவணங்களை அப்படி வாபஸ் வாங்கினார்கள். அன்று எங்கள் பெற்றோர் குழுவில் பெரும் பதற்றம். ஆனால் மகனின் ஐ.ஈ.பி. யில் ஒரு வரியும் மாறவில்லை, ஏனென்றால் அவை விளக்கங்கள், உரிமை சட்டத்தில் இருந்தது. அதற்கு மேலே ஒழுங்குவிதி. அதை மாற்ற வேண்டும் என்றால் முன்கூட்டி அறிவித்து, பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே சட்டம். அதைக் காங்கிரஸ் மட்டும்தான் மாற்றலாம், ஜனாதிபதியின் உத்தரவால் முடியாது. திணைக்களத்தின் பெயர்ப்பலகை கழன்றாலும், வேலை வேறு அமைச்சுக்குப் போனாலும், ஐ.டி.ஈ.ஏ. நிற்கிறது. அதோடு 6ஏ:14 மாநிலத்தின் சொந்த விதி. வாஷிங்டனில் என்ன நடந்தாலும் நியூ ஜேர்சி திருத்தும்வரை அது அப்படியே இருக்கும்.

நியூ ஜேர்சி அதைத் திருத்த நினைத்தாலும் இரகசியமாகச் செய்ய முடியாது. முன்மொழிவை நியூ ஜேர்சி ரெஜிஸ்டரில் போட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். விசேட கல்விக் கொள்கையை மாற்றும் முன் பொது விசாரணை வைக்க வேண்டும் என்று மத்திய சட்டமும் சொல்கிறது. மாநில ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு, அதில் பாதிக்கு மேல் மாற்றுத்திறனாளிகளோ பிள்ளைகளின் பெற்றோரோ இருக்க வேண்டும். விசா என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களும் கடிதம் எழுதலாம். அங்கே ஸ்பான் என்று பெற்றோருக்கான நிலையம் இருக்கிறது, மத்திய சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் இப்படி ஒன்றாவது இருக்கும். காசு வாங்காமல் சொல்லித் தருவார்கள். போனதும் அவர்களுக்கு ஒரு போன் அடியுங்கள். புது விதி வரும்போது முதலில் சொல்கிறவர்களும் அவர்கள்தான்.

மொழி விசயம். பிள்ளையை அவனுடைய தாய்மொழியில், அவன் என்ன அறிவான் என்பதைச் சரியாகக் காட்டுகிற விதத்தில் சோதிக்க வேண்டும் என்பது மத்திய விதி. தெளிவாக முடியாத நிலை இருந்தால்தான் விலக்கு. ஆங்கிலம் தெரியாததை மட்டும் வைத்து மாற்றுத்திறனாளி என்று முத்திரை குத்தவும் கூடாது. முதலில் ஆங்கிலம், பிறகு சோதனை என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கூட்டத்தில் உங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அவர்கள்தான் ஒழுங்குபண்ண வேண்டும். உங்களுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும், கணவருக்கோ உங்களுக்கோ தயக்கம் இருந்தால் கேளுங்கள். பிள்ளையைப் பற்றிப் பேசும்போது சொல் தடுமாறக் கூடாது.

இங்கே எழுதி வாங்குகிற அறிக்கைகளை அவர்கள் கவனத்தில் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கடமை இல்லை. ஒரு அமெரிக்க மாநிலத்தில் இருந்து இன்னொன்றுக்கு ஐ.ஈ.பி. யோடு மாறுகிற பிள்ளைக்கு, புதிய இடத்தில் முடிவெடுக்கும்வரை பழையதற்கு ஒப்பான சேவை கொடுக்க வேண்டும். கொழும்பில் இருந்து வருகிறவனுக்கு அது இல்லை. அவனுக்கு முதலில் இருந்து சோதனை. அதனால்தான் நாளைக் கடத்தாமல் கடிதம் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

செப்டம்பர்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டு ஒப்பந்தம் கைக்கு வந்து மகனை டிஸ்ட்ரிக்டில் பதிந்த அன்றே, விசேட கல்விப் பிரிவின் பணிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம். மகனின் பெயர், பிறந்த திகதி, ஓட்டிசம் என்று கண்டறிந்திருக்கிறார்கள், விசேட கல்விக்காக மதிப்பீடு செய்யும்படி கேட்கிறோம். இவ்வளவும் போதும். கையில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், மின்னஞ்சல் என்றால் வந்தது என்று பதில் கேளுங்கள். நியூ ஜேர்சி விதிப்படி கடிதம் கிடைத்து 20 நாளுக்குள் சைல்ட் ஸ்டடி டீமோடு, அதாவது பிள்ளைகளை மதிப்பிடும் பள்ளிக்கூடக் குழுவோடு, கூட்டம் வைக்க வேண்டும். அந்த 20 நாளில் பள்ளிக்கூடத்தின் விசேட லீவு நாட்களைக் கழிப்பார்கள், கோடை விடுமுறையைக் கழிக்கக் கூடாது. மத்திய சட்டத்தில் இந்த 20 நாள் இல்லை, இது மாநிலம் மேலே கட்டியது. ஜூலை 10 இல் கொடுத்தால் ஜூலை 30 க்குள் கூட்டம். அன்றே சம்மதக் கையெழுத்துப் போட்டீர்கள் என்றால் 90 நாள் ஒக்டோபர் 28 இல் முடிகிறது, அதற்குள் மகனின் ஐ.ஈ.பி. நடந்துகொண்டிருக்க வேண்டும். கடிதத்தின் நகலைப் போவதற்கு முன் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.